தாழ்வாரத்துக்குக் கொசுவலை அடைப்பு: அளவெடுப்பதிலிருந்து நாற்காலி போடுவது வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தைச் சுற்றி மாந்தோப்பை ஒட்டி வீடு கட்டியவர்களுக்கு, பொழுது சாய்ந்த பிறகு முன்புறத் தாழ்வாரம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் 12 அடிக்கு 8 அடித் தாழ்வாரத்தை வலையால் அடைத்த முறையை இங்கே எழுதுகிறேன். கூரையும் தரையும் முன்பே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்; தரையின் வாட்டம் மட்டும் வெளிப்பக்கமாக, 8 அடிக்கு ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் மேல் சட்டங்களை நிறுத்துங்கள். தரைவரை வலை வைத்தால் மழைச் சேறு தெறிக்கும், ஆடு உரசும், சில மாதங்களில் அடிப்பகுதி பிய்ந்துவிடும். சட்டத்துக்கு நான் அலுமினியத்தையே பரிந்துரைப்பேன். மரம் பார்வைக்கு அழகுதான்; ஆனால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் சட்டத்தில் வலையின் இறுக்கம் நிலைக்காது, கரையான் தொல்லையும் உண்டு.

வலையில், ஓர் அங்குலத்துக்கு 18க்கு 16 இழை உள்ள ரகம் கொசுவுக்குப் போதும். அதைவிட நெருக்கமான வலையைக் கடைக்காரர் உயர்வாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம். காற்று குறைந்து, சித்திரை வெயிலில் உள்ளே புழுங்கும். நிறத்தில் கறுப்பே சிறந்தது, ஏனெனில் வெள்ளை வலையில் வெயில் பட்டால் கண் கூசி வெளியே எதுவும் தெரிவதில்லை. மாமரத்து அணில் சாதாரண ஃபைபர் (கண்ணாடியிழை) வலையைக் கடித்துவிடும் என்பதால், மரக்கிளை எட்டும் பக்கத்துக்கு மட்டும் 304 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை போடலாம், எல்லாப் பக்கத்துக்கும் அது வீண் செலவு.

இனி வலை பூட்டும் வேலை. பெரும்பாலான அடைப்புகள் கெட்டுப்போவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தைச் சமதளமான தரையில் படுக்கவைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வலையைத் தொடவே கூடாது. நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வலையை வெட்டி, இழைகள் சட்டத்தின் ஓரத்துக்கு இணையாக ஓடும்படி விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி ரப்பர் பீடிங்கை (வலையைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் கயிறு) உருளையால் சட்டத்தில் உள்ள பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே செல்லுங்கள். வலை தொய்வாகத் தெரிகிறதே என்று கையால் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. பீடிங் பள்ளத்தில் இறங்கும்போது தானே வலையை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கையாலும் இழுத்தால், நீளமான இரு பக்கச் சட்டங்களும் நடுவில் உள்வாங்கி, சுவரில் நிறுத்தும்போது ஓரத்தில் ஒரு விரல் நுழையும் சந்து தெரியும். அந்தச் சந்தை சிலிகானால் அடைத்துத் தருவதாகச் சொல்லும் வேலைக்காரரிடம், கழற்றி மறுபடி பூட்டச் சொல்லுங்கள். 4 அடிக்கு மேல் நீளமுள்ள சட்டத்துக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. ஆடி மாதத்து மேல்காற்றையும் அது தாங்கும். பீடிங் பள்ளத்தைவிட மெலிதாக இருந்தால் நாளடைவில் கழன்று வரும் என்பதால், சட்டத்தின் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வலையில் ஒட்டிக் காத்திருக்கும் கொசுக்கள் அப்போது வெளியே தள்ளப்படும்; உள்பக்கம் திறந்தால் நாமே அவற்றை அழைத்து வருகிறோம். தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீலும், அடியில் பிரஷ் பட்டையும் அவசியம்.

தரைக்கு நம் மாவட்டத்துக் கிரானைட் இருக்கும்போது டைல்ஸுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பளபளப்பாக மெருகேற்றியதை விட்டுவிட்டு, சொரசொரப்பான பரப்புள்ளதைக் கேளுங்கள். வலை கொசுவைத் தடுக்குமே தவிரச் சாரலைத் தடுக்காது. ஆகவே பஞ்சு மெத்தை இருக்கைகள் இங்கே ஆகாது. பிளாஸ்டிக் வயர் பின்னிய இரும்பு நாற்காலிகள் நனைந்தாலும் துடைத்துவிட்டு உட்காரலாம். பிரம்பு நாற்காலி வேண்டுமென்றால் வீட்டுச் சுவரை ஒட்டிப் போடுங்கள். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் 3 அடியாவது இடம் விடாவிட்டால், முதலில் கிழிவது வலைதான். விளக்கு மஞ்சள் ஒளி தருவதாக இருக்கட்டும். வெள்ளை விளக்கைவிடப் பூச்சிகள் குறைவாக வரும்.

பூந்தொட்டிகளை உள்ளே வைப்பவர்கள் அடித்தட்டில் நீர் தேங்க விடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, நல்ல நீரில் முட்டையிடுவது. வலைக்குள்ளேயே அது பெருகினால் வெளியேற வழியிருக்காது. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாக அடைத்தும் கொசு வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற விட்ட துளையைப் பாருங்கள்; அதன் வாயிலும் ஒரு துண்டு எஸ்.எஸ். வலை வேண்டும், சருகு அடைத்துக்கொள்ளாதபடி அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யும் வகையில். நெடுஞ்சாலை 44ஐ ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு, வலையில் படியும் புழுதியே காற்றை அடைத்துவிடும். மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும், அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தினால் பீடிங் கழன்றுவிடும்.