யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு டெரி சிட்டியின்ர ஒரு முழுச் சீசனையும் பாக்கிறது எப்பிடி

முதல்ல ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கோ. பகிடி இல்லை. ஃபோனிலதான் எல்லாம் வருதே பேந்தேன் கொப்பி எண்டு என்ர தம்பியும் கேட்டவன்தான், இப்ப சனிக்கிழமை விடிய எழும்பின கையோட அவன் முதல்ல திறக்கிறது அந்தக் கொப்பியைத்தான்.

டெரி சிட்டி விளையாடுற அயர்லாந்து உதைபந்தாட்ட பிரீமியர் டிவிஷனில மொத்தமே பத்து ரீம். ஒவ்வொரு ரீமும் மற்ற ஒன்பதோடயும் நாலு தரம் விளையாடும், ரெண்டு சொந்தக் கிரவுண்டில, ரெண்டு அவையின்ர இடத்தில, ஆக 36 மட்ச். ஒன்பது வரி, வரிக்கு நாலு கட்டம், முழுச் சீசனும் ஒரு பக்கத்துக்குள்ள வந்திடும். சொந்தக் கிரவுண்ட் எண்டால் கட்டத்துக்குள்ள சின்ன வட்டம், வெண்டால் 3, சமன் எண்டால் 1, தோத்தால் குறுக்கால ஒரு கோடு. ஜூலை வரேக்க அந்தப் பக்கத்தைப் பாத்தாலே தெரியும் எந்த ரீமைக் கண்டா எங்கட ஆக்களுக்குக் கை கால் உதறுது எண்டு, பொயின்ற்ஸ் ரேபிள் அதைச் சொல்லாது.

இனி ஆரைப் பிடிக்கிறது? ஷாம்ராக் ரோவர்ஸைப் பிடிச்சால் சந்தோசம் கட்டாயம், 2020 இல இருந்து 2023 வரை தொடர்ந்து நாலு தரம் வெண்டு பேந்து 2025 இலயும் வெண்டவை, ஆனா அது கலியாண வீட்டுக்கு நேர பந்திக்குப் போய் இருக்கிற மாதிரி. டப்ளினில சென்ற் பற்றிக்ஸ் அத்லற்றிக் எண்டும் ஒரு ரீம் இருக்கு, பேரைக் கேட்டவுடன எங்கட பற்றிக்ஸ் பழைய மாணவர் எல்லாம் அங்கால பாய்வினம், ஐரிஷ் பாதர்மார் ரெக்டரா இருந்த பள்ளிக்கூடம்தானே, நியாயம்தான்.

நான் டெரி. ஏனெண்டு சொன்னால் இஞ்சத்த ஆக்களுக்கு உடன விளங்கும். டெரி வட அயர்லாந்தில, பிரிட்டன் பக்கம் இருக்கிற ஊர், முதல் அந்தப் பக்க லீக்கிலதான் விளையாடினவை. கலவர காலம், 1971 இல விளையாட வந்த ரீமின்ர பஸ்ஸைக் கடத்தி எரிச்சுப்போட்டாங்கள். அதோட பிராண்டிவெல் எண்ட தங்கட கிரவுண்டில மட்ச் இல்லை, சொந்தக் கிரவுண்ட் மட்ச் எல்லாம் 30 மைலுக்கு அங்கால கோல்ரெயின் எண்ட ஊரில. 1972 ஒக்ரோபரில எங்களைத் திரும்ப எங்கட கிரவுண்டுக்குப் போக விடுங்கோ எண்டு கேட்டு, மற்றக் கழகங்களின்ர வாக்கெடுப்பில ஒரே ஒரு வாக்கால தோத்து, லீக்கை விட்டே விலகீற்றினம். 13 வருசம் பெரிய லீக் இல்லை. 1985 இல எல்லைக்கு மற்றப் பக்க லீக்கில வந்து சேர்ந்து, 1989 இல லீக், எஃப்ஏஐ கப் (அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின்ர கிண்ணம்), லீக் கப் மூண்டையும் ஒரே சீசனில அள்ளிக்கொண்டு போனவை. இடம்பெயர்ந்து போய் ஆற்றையோ கிரவுண்டில விளையாடின கதை எங்கட கழகங்களுக்கும் தெரியாததே, இதை வாசிச்ச இரவோட வேற ரீம் பாக்கிற யோசினையை விட்டிட்டன்.

அவைக்கு இன்னும் ஒவ்வொரு வெளியூர் மட்ச்சும் எல்லை தாண்டின பயணம்தான், மற்ற ஒன்பது ரீமும் அங்கால குடியரசுக்குள்ள. சேர்ட் சிவப்பு வெள்ளைக் கோடு, அதால பட்டப்பேர் கண்டிஸ்ரைப்ஸ், கண்டி ஊருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சாப்பிடுற இனிப்புக் கண்டி. கிரவுண்டுக்குப் பின்னால மேட்டில பெரிய சவக்காலை இருக்கு, அதில நிண்டு பாத்தால் கிரவுண்ட் தெரியும். கப்டன் ரயன் மக்பிரைட் 2017 மார்ச்சில 27 வயசில திடீரெண்டு செத்தவர், இப்ப கிரவுண்டுக்கு அவற்ற பேர்தான். தரை 2018 இல இருந்து செயற்கைப் புல்லு, புல்லுத் தரையில பழகின ரீமுகள் வந்து பந்து துள்ளுறதில தடுமாறுறதை முதல் இருபது நிமிசம் கவனிச்சுப் பாருங்கோ.

அடுத்தது நேரம். இதில பிழைச்சால் எல்லாம் பிழைக்கும். அங்க மட்ச் அநேகமா வெள்ளிக்கிழமை இரவு 7.45. எங்களுக்கு அது சனிக்கிழமை துவங்கினாப் பிறகு, ஆனா எத்தினை மணிக்கு எண்டது மாதத்தைப் பொறுத்தது. மார்ச் கடைசி ஞாயிறு அவை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம், ஒக்ரோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னுக்கு எடுப்பினம், எங்கட மணிக்கூடு அசையாது. ஆகவே பெப்ரவரி, மார்ச்சில 1.15, ஏப்ரலில இருந்து ஒக்ரோபர் வரை 12.15, கடைசி மட்ச் நவம்பரில வந்தால் திரும்ப 1.15. நான் முதல் வருசம் இது தெரியாமல் ஏப்ரல் மாதம் ஒரு மணிக்கு அலாரம் வைச்சு எழும்பி, நுளம்புத்திரி கொளுத்தி, பிளேன்ரீ ஊத்திக்கொண்டு ஆறுதலா வந்து இருந்தால் ரெண்டாம் பாதி துவங்குது, நாங்கள் ரெண்டு கோல் பின்னால. அம்மா எழும்பி வந்து ஆர் செத்தது எண்டு கேட்டா, என்ர முகம் அப்பிடி இருந்திருக்கு.

பாக்கிறதுக்கு லீக்குக்கே சொந்தமா எல்ஓஐ ரீவி எண்டு ஒன்லைன் சேர்விஸ் இருக்கு, காசு கட்டித்தான் பாக்கவேணும். கட்ட முதல் உங்கட காட் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கோ எண்டு வங்கியில கேளுங்கோ, என்ர வங்கி அதைத் திறக்க மூண்டு தரம் என்னை நேரில கூப்பிட்டுது. ஒரு நல்ல விஷயம் என்னெண்டால் சில டேற்றா பக்கேஜில இரவு 12 தாண்டினாத்தான் நைற் ரைம் டேற்றா துவங்கும், மட்ச் சரியா அதுக்குள்ளதான் விழுது. நித்திரையை முறிக்கேலாத கிழமையில விடியப்புறம் டெரி ஜேர்னல் பத்திரிகையின்ர பக்கத்தைப் பாருங்கோ, ஸ்கோர் மட்டும் போடாமல் கதையாவே எழுதுவினம்.

சீசன் பெப்ரவரி நடுவில துவங்கி நவம்பர் தொடக்கத்தில முடியும், ஒரே வருசத்துக்குள்ள. முந்தி இதுவும் இங்கிலாந்து மாதிரி மாரிக்குள்ளதான் நடந்தது, 2003 இல மாத்தினவை. பெப்ரவரியில தண்ணி நிண்டு மட்ச் தள்ளிப்போறது வழமை, அதால மார்ச் ரேபிளை நம்பாதேங்கோ, எல்லாரும் ஒரே அளவு மட்ச் விளையாடியிருக்கமாட்டினம். ஜூலையில ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகள் வரும், அதுக்குப் போற ரீமின்ர லீக் மட்ச்சுகள் திரும்பத் தள்ளிப்போகும். அப்ப கொப்பிதான் கை குடுக்கும், ரேபிளில நாலு பொயின்ற் பின்னால நிக்கிற ரீமுக்கு இன்னும் ரெண்டு கட்டம் காலியா இருக்கும். அந்த நேரமே ஆள் பிடிக்கிற சீசனும் வரும், ஜேம்ஸ் மக்ளீன் 2011 இல அப்பிடித்தான் டெரியை விட்டு இங்கிலாந்தின்ர சண்டர்லண்ட் ரீமுக்குப் போனவர். ஒருத்தனை மட்டும் நம்பி மனசைக் குடுக்காதேங்கோ.

ரேபிளில எதைப் பாக்கிறது எண்டால், மேல முதலாவது சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு, ரெண்டாவதும் மூண்டாவதும் ஐரோப்பாவுக்கு, எஃப்ஏஐ கப் வெண்ட ரீமுக்கும் ஒரு இடம். கப்பையும் முதல் மூண்டுக்குள்ள இருக்கிற ரீமே வெண்டால் அந்த இடம் நாலாவதுக்கு வரும். கீழ பத்தாவது நேர கீழ் டிவிஷனுக்கு இறக்கம், ஒன்பதாவது கீழ் டிவிஷன் ரீமோட பிளேஓஃப் விளையாடித் தப்பவேணும். புதுசாப் பாக்கிற ஆக்கள் கீழ்ப்பக்கத்தை விட்டிடுவினம், அது பிழை, 14 தரம் சம்பியனான டன்டோக் 2024 இல கடைசியா வந்து இறங்கினது.

அந்த 2024 ஐ வைச்சே சொல்லுறன், ஏனெண்டால் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. டெரியும் கடைசி மாதங்கள் வரை லீக் கிண்ணத்துக்கான போட்டியில நிண்டு, பேந்து சறுக்கினவை. நவம்பர் 1, கடைசி மட்ச், பிராண்டிவெல்லுக்கு வந்தது ஷெல்போர்ன், முந்தி அயர்லாந்துக்கு விளையாடின டேமியன் டஃப்தான் மனேஜர். அவைக்கு வெல்லவேணும், ஏனெண்டால் அங்கால டப்ளினில ரோவர்ஸ் வெண்டுகொண்டிருக்கு, 0-0 எண்டு முடிஞ்சால் கோல் வித்தியாசத்தில கிண்ணம் ரோவர்ஸுக்கு. 85 ஆம் நிமிசம் ஹரி வூட் அடிச்சார், எங்களுக்கு விடிய மூண்டு மணிக்குக் கிட்ட. ஷெல்போர்ன் 63, ரோவர்ஸ் 61. எங்கட கிரவுண்டில வேற ஆக்கள் கிண்ணம் தூக்கினம், ஷெல்போர்னுக்கு 2006 க்குப் பிறகு முதல் தரமாம், நான் லைற்றை நிப்பாட்டிப்போட்டு இருட்டுக்குள்ள இருந்து அதையும் பாத்தன். டெரி நாலாவது. சரி, பத்தாம் திகதி கப் ஃபைனல் இருக்கு, வெண்டால் ஐரோப்பா எண்டு மனசைத் தேத்தினால், அதையும் பிளேஓஃபுக்குப் போகவேண்டிய டுரோஹெடா 2-0 எண்டு அடிச்சுக்கொண்டு போயிட்டுது. ஃபைனல் எண்டால் ஞாயிறு பின்னேரம், எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், நித்திரை முழிக்கத் தேவையில்லை. புட்டுத் தட்டோட இருந்து தோத்தது அந்த ஒண்டுதான்.

1997 இல கடைசியா லீக்கை வெண்டது, 2025 சீசன் முடியும் வரை திரும்ப இல்லை. 2022 இல ஷெல்போர்னை 4-0 எண்டு அடிச்சு எஃப்ஏஐ கப் எடுத்தவை, மனசு சரியில்லாத நாளில அதின்ர ஹைலைற்ஸைப் போட்டுப் பாருங்கோ.

நவம்பர் நடுவில இருந்து ஒண்டும் இராது. டிசம்பர் பக்கம் அடுத்த வருச மட்ச் பட்டியல் வரும், வந்த அண்டைக்கே கொப்பியில புதுப் பக்கம் எடுத்து அடிமட்டம் வைச்சு கட்டம் கீறுங்கோ, மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும், ஒக்ரோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகும் உள்ள மட்ச்சுகளுக்குப் பக்கத்தில சிவப்புப் பேனையால 1.15 எண்டு எழுதி வையுங்கோ, மிச்சத்துக்கு நீலத்தில 12.15.