சிங்கப்பூர் பிஆர் போடறதுக்கு முன்னாடி ஊர்ல முடிக்க வேண்டிய வேலைங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து சிங்கப்பூர் வந்து நாலஞ்சு வருசம் ஓட்டினவங்களுக்கு ஒரு கட்டத்துல பிஆர் (அங்கயே நிரந்தரமா தங்கற அனுமதி) போட்டுப் பாக்கலாமான்னு தோணுமுங்க. தாராளமா போடுங்க, ஆனா ஐசிஏ (சிங்கப்பூர் குடிநுழைவு ஆபீஸ்) வெப்சைட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடி லீவுல ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வந்துருங்க, ஏன்னா நம்மாளுக பலபேருக்கு இழுத்தடிக்கறது சிங்கப்பூர் ஆபீஸ் இல்லீங்க, ஊர்ல கெடக்கற பழைய காகிதந்தான்.

ஒர்க் பெர்மிட்ல இருக்கறவங்க வேலைய வச்சு பிஆர் போட முடியாதுங்க, அதுக்கு மேல்மட்ட வேலை அனுமதியான எஸ் பாஸோ ஈபியோ (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வேணும். பெர்மிட்டுக்கே வாங்கித் தர்றேன்னு எவனாச்சும் காசு கேட்டா ஒத்த ரூவா குடுத்துறாதீங்க.

இப்ப பொறப்பு சர்டிபிகேட்டுக்கு வாங்க, இதுலதான் சிக்கல் ஜாஸ்தி. நம்ம பக்கம் தலைச்சன் பிரசவம் அம்மா பொறந்த ஊர்லதான நடக்கும், நீங்க வளந்தது பெருந்துறையா இருக்கும், பதிவு காங்கேயத்துல கெடக்கும், பெருந்துறைல போய் எத்தன நாள் தேடுனாலும் கெடைக்காதுங்க. ஆத்தாகிட்ட எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரி, வீட்டுலயே பொறந்ததான்னு கேட்டுட்டு அந்த ஊர் பதிவேடு எந்த ஆபீஸ்ல இருக்குதோ அங்க போங்க. கையில வந்ததும் அப்படியே மடிச்சு வெக்காதீங்க, ரெண்டு எடத்த பாருங்க. ஒண்ணு, உங்க பேரு எழுதற எடம். அந்தக் காலத்துல பொறப்ப மட்டும் பதிஞ்சுட்டு பேர் வெச்சதுக்கப்பறம் யாரும் திரும்பப் போகலைங்க, அதனால அந்த எடம் வெறுமனே இருக்கும், பள்ளிக்கூட டிசிய காட்டி பேரச் சேக்க முடியுமான்னு அந்த ஆபீஸ்லயே கேளுங்க. இன்னொண்ணு அப்பா பேரு. பதிவேட்டுல பழனியப்ப கவுண்டர்னு இருக்கும், மார்க் ஷீட்டுல உங்க பேருக்கு முன்னால வெறும் பி மட்டும் நிக்கும், பாஸ்போர்ட்டுல பழனியப்பன்னு முழுசா இருக்கும். மூணும் ஒரே ஆள்தான்னு நமக்குத் தெரியும், அங்க ஃபைல் பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் போட்டு வெச்சுக்கோங்க. முழுக்கத் தமிழ்ல இருக்கற சர்டிபிகேட்டுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் நோட்டரி அட்டெஸ்டேஷனோட வேணும், அதையும் அதே கையோட முடிச்சுருங்க.

வீட்டுக்காரம்மாவையும் சேத்து போடறதா இருந்தா கல்யாணத்தப் பதிஞ்சிருக்கோணும். மண்டபத்துல ஆயிரம் பேருக்கு சோறு போட்டிருப்போம், பத்திரிகையும் ஆல்பமும் பத்திரமா இருக்கும், சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் மட்டும் போயிருக்க மாட்டோம். ரெண்டு பேரும் நேர்ல போகோணும்கறதால இதையும் லீவுலதான் செய்ய முடியும். டிகிரி சர்டிபிகேட், மார்க் ஷீட் ஒரிஜினலையும் பீரோவுல இருந்து எடுத்து நல்லா ஸ்கேன் பண்ணிக்கோங்க.

சிங்கப்பூர் பக்கம் வேலை கம்மிதானுங்க. கம்பெனி எச்ஆர்கிட்ட அனெக்ஸ் ஏ ஃபார்ம் வாங்கோணும், அதுல உங்க வேலை, சம்பளமெல்லாம் அவங்க எழுதிக் கையெழுத்து போடுவாங்க. கடைசி ஆறு மாச சம்பள ஸ்லிப் எடுத்து வெச்சுட்டு சிங்பாஸ்ல (சிங்கப்பூர் அரசாங்க சேவைகளுக்கான லாகின் ஐடி) லாகின் பண்ணி எல்லாத்தையும் ஏத்தி, தலைக்கு 100 டாலர் கட்டோணும், கெடைக்கலைனாலும் அந்தக் காசு திரும்பி வராது. பொதுவா ஆறு மாசம் ஆகும், அதுக்கு மேலயும் இழுக்கலாம். வயசு, படிப்பு, சம்பளம், எத்தன வருசமா இருக்கீங்க, குடும்பம் அங்கயே ஊனி நிக்குமான்னு எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கறாங்க, இத்தன மார்க்குனு கணக்கு எதுவும் வெளிய சொல்றதில்ல. 2023-ல சுமார் 34,500 பேருக்கு குடுத்திருக்காங்க.

போடறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பேச வேண்டியது ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு பையன். அவனையும் பிஆர் ஆக்கினா 18 வயசுல ரெண்டு வருசம் நேஷனல் சர்வீஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை மாதிரியானது, போயே ஆகோணும், அத ஒரு மனசா ஒத்துக்கிட்டா மட்டும் போடுங்க. இன்னொண்ணு சிபிஎஃப், நம்மூரு பிஎஃப் மாதிரி சம்பளத்துல புடிக்கற சேமிப்பு. 5,000 டாலர் சம்பளம்னா மொத வருசம் 5 சதவீதம், அதாவது 250 புடிப்பாங்க, ரெண்டாம் வருசம் 750, மூணாம் வருசத்துல இருந்து 1,000. உங்க காசுதான், ஆனா மாசாமாசம் கைக்கு வராது. ஊர்ல வீட்டு லோன் ஓடிட்டிருந்தா இந்தக் கணக்க ஐயன்கிட்டயும் இப்பவே சொல்லிருங்க. தோட்டம் போயிருமோன்னு பெரியவங்க பயப்படுவாங்க, அது வேண்டாமுங்க, பிஆர் ஆனாலும் இந்தியக் குடியுரிமை அப்படியேதான் இருக்கும், பூர்வீக நெலம் உங்களுக்கு வந்து சேரறதுக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா ஐயனையும் ஆத்தாளையும் பிஆர் ஆக்கிக் கூட்டிட்டு வர நீங்க சிட்டிசன் ஆனாத்தான் வழி, அத நெனச்சுக்கிட்டு வாக்கு எதுவும் குடுத்துறாதீங்க.

கெடச்சுருச்சுன்னா மெடிக்கல் முடிச்சு, மிச்ச காசு கட்டி, நீல நிற ஐசி (அடையாள அட்டை) வாங்கிக்கோங்க. ஐசிய விட முக்கியம் ரீஎன்ட்ரி பெர்மிட்டு, வெளிநாடு போய்ட்டு பிஆராவே திரும்பி வர்றதுக்கான அனுமதி. அது இல்லாம வெளிய இருந்தா பிஆரே கையவிட்டுப் போயிரலாம், அதனால ஊருக்கு டிக்கெட் போடறப்பல்லாம் அதோட தேதிய ஒருக்கா பாத்துட்டுப் போடுங்க.