ஊறிய அலமாரிக்குப் பதில் தாத்தாவின் தேக்கு

வாடகை வீட்டுக்கு இது போதாதா என்று ஆன்லைனில் 7,000 ரூபாய்க்குத் துணி அலமாரி ஒன்று வாங்கினேன், பார்ட்டிக்கிள் போர்டு. இரண்டாவது மழைக்காலத்திலேயே சுவரின் ஓதம் ஏறி அடிப்பலகை டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. கீல் கழன்று கதவு தொங்க, ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினால் தூள்தான் கொட்டியது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, ஒருமுறை ஊறினால் ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே இருக்காது. எம்-சீல்கூட வைத்துப் பார்த்தேன், சரி, அதை விடுங்கள்.

அப்புறம்தான் ஊரில் உரச்சாக்குக்கு முட்டுக் கொடுத்து நின்ற தாத்தாவின் தேக்கு அலமாரி ஞாபகம் வந்தது. யாரோ பச்சை பெயின்டை அப்பியிருந்தார்கள் (ஏன்தான் தேக்குக்குப் பெயின்ட் அடிக்கிறார்களோ!). ஆசாரி அதைச் சுரண்டி, 80, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் மெல்லிசாகப் பல தடவை பூசினார். ஆடிய காலுக்கு ஆணியே அடிக்கவில்லை, சின்ன மர ஆப்பு வைத்து இறுக்கினார். வண்டி வாடகையோடு 9,500 ஆனது.

கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டு கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். நவம்பரில் ஒரு இழுப்பறை மட்டும் கொஞ்சம் இறுகும், ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது.