கோழிக்குச் சிறுநீரகம் அடைத்தால் என்ன செய்வது

கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீரகம் வடிக்கும் யூரிக் அமிலம் இரண்டு குழாய்கள் வழியே நேராக எச்சத் துவாரத்துக்கு வரும். எச்சத்தின் மேல் படியும் வெள்ளைக் குழம்பு அதுதான். தண்ணீர் குறைந்தால் குழாயிலேயே இறுகிவிடும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைத் தண்ணீர் சுடும். கோழி அலகே வைக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, நண்பகலில் புதுத்தண்ணீர் ஊற்றுங்கள்.

பெரிய தவறு தீவனத்தில்தான் நடக்கிறது. லேயர் (முட்டைக்கோழி) தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். மிச்சம் இருக்கிறதே என்று குஞ்சுக்குப் போடாதீர்கள், சிறுநீரகம் பழுதாகும். கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டைக்கோழி வேண்டியதைத் தின்னும்.

கோழி ஒடுங்கி, வெறும் சுண்ணாம்பாகக் கழிந்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள். எச்சம் காய்ந்து மூடியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். லிட்டருக்கு 5 கிராம் வெல்லம் கரைத்துக் குடிக்க வைக்கலாம், ஆனால் இறுகிய கல்லை அது கரைக்காது. ஜென்டாமைசின், சல்பா மருந்துகளை நாமாகக் கொடுக்கவே கூடாது. கெட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

அடுத்தடுத்துச் செத்தால் சிறுநீரகத்தையும் தாக்கும் ஐ.பி. (தொற்று மூச்சுக்குழல் அழற்சி) வைரஸாகவும் இருக்கலாம். செத்த கோழியை அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்திலும் ஈரலிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் சிறுநீரகக் கோளாறு உறுதி.