மீனை அறுக்கும்போது ஸ்டேனியஸ் உடலங்களைத் தவறவிடாதீர்கள்

விலங்கியல் ஆய்வகத்தில் எலும்பு மீனை அறுப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. குடலையும் காற்றுப்பையையும் எடுத்தபின், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டையாகக் கிடக்கிறதே, அதுதான் சிறுநீரகம். அவசரத்தில் அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள், ஏனென்றால் அதன் பின்பகுதியில், நம்மைப் பார்க்கும் பக்கத்தில், ஸ்டேனியஸ் உடலங்கள் எனப்படும் வெளிறிய குட்டி உருண்டைகள் ஒன்றிரண்டு பதிந்திருக்கும் (சால்மன் இன மீன்களில் இன்னும் அதிகம், நடுப்பகுதியிலும் இருக்கும்). கொழுப்புத் துணுக்கோ என்று சந்தேகம் வந்தால் ஊசியால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், கொழுப்பு மிதக்கும்.

1839இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹெர்மன் ஸ்டேனியஸ் இவற்றை விவரித்தபோது அட்ரினல் சுரப்பி என்றே நினைத்தார். உண்மையில் இங்குள்ள செல்கள் சுரப்பது ஸ்டேனியோகால்சின் என்ற ஹார்மோன். இரத்தத்தில் கால்சியம் கூடினால் இது வெளியாகி, செவுள் வழியாக மேலும் கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, அப்படியானால் அட்ரினல் வேலையை யார் செய்கிறார்கள்? தலைப்பக்கச் சிறுநீரகத்தில், பெரிய சிரையைச் சுற்றிச் சிதறியிருக்கும் இன்டர்ரீனல் செல்கள் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலையும், குரோமாஃபின் செல்கள் அட்ரினலினையும் சுரக்கின்றன. இவை வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சாயமேற்றிய சீவலை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், கார்டிசால் அளக்க இரத்தம் எடுப்பதாக இருந்தால் மீனை வலையில் தவிக்கவிடாதீர்கள், சில நிமிடங்களிலேயே அளவு ஏறிவிடும்.