எலி கற்கவில்லையா? பரிசைக் கவனியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி அறிவியல் விழா நெருங்கினால் போதும், டியூஷன் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் புதிர்ப்பாதை செய்து ஹேம்ஸ்டரை (வீட்டில் வளர்க்கும், எலி போன்ற சின்னப் பிராணி) ஓடவிடத் தொடங்கிவிடுவார்கள். நாலு நாள் கழித்து "இது மக்கு, சார்" என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கோளாறு பிராணியிடம் இல்லை, பரிசு கொடுக்கும் விதத்தில்தான்.

புதுத் தீனியைப் புதுப் பெட்டியில் நீட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எலிக்குப் பழக்கமில்லாத சாப்பாட்டின் மேல் சந்தேகம் அதிகம். வீட்டில் எலி மருந்து வைத்தவர்களுக்கு இது தெரியும்: கொஞ்சம் கொறித்துப் பார்க்கும், உடம்புக்கு ஒத்துவராவிட்டால் மறுபடி அந்தப் பக்கமே வராது. அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் பரிசாகத் தரப்போகும் சர்க்கரை உருண்டையைச் சில நாள் முன்பே கூண்டில் போட்டுப் பழக்குவார்கள்.

அப்புறம் அளவு. ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை வைத்தால் ஹேம்ஸ்டர் இரண்டு கன்னப்பையும் புடைக்க அடைத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு அதற்கு என்ன அவசரம்? ஒரு ஓட்டத்துக்கு ஒரு சின்னத் துண்டு போதும். அதையும் உடனே கொடுங்கள். வீடியோ எடுத்து முடித்துவிட்டுக் கொடுத்தால், அதற்குள் அது சுவரைப் பிறாண்டியிருக்கும். பரிசு அந்தப் பிறாண்டலுக்கே போய்ச் சேரும்.

பசி வேண்டும் என்று பட்டினி போடுவது கொடுமை. ஆய்வுக்கூடத்திலேயே தீனியைக் குறைக்கும்போது தினமும் எடை பார்ப்பார்கள். வழக்கமான எடையில் சுமார் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. பிள்ளைகளுக்கு அந்த வேலையே வேண்டாம். பிடித்த தீனியைச் சாயங்காலம் கொடுத்தாலே ஓடும். பள்ளி விட்டு வரும் மதியம் அது தூங்கும் நேரம்.

நடுவில் தீனியை மாற்றுவதும் கெடுதல். 1928இல் எலியட் என்ற உளவியல் ஆய்வாளர் செய்த சோதனையில், தவிட்டுக் கூழுக்குப் பழகிய எலிகளுக்குத் திடீரென்று சூரியகாந்தி விதை கொடுத்தபோது, முதலிலிருந்தே விதை தின்று வந்த எலிகளைவிட அவை மோசமாக ஓடின. எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம்.

ஓடவில்லை என்றால் கற்கவில்லை என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. 1930இல் டோல்மன், ஹான்சிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கூட்டம் எலிகளைப் பத்து நாள் பரிசே இல்லாமல் புதிர்ப்பாதையில் திரியவிட்டார்கள். பதினோராம் நாள் தீனி வைத்தார்கள். மறுநாளே அவை முதலிலிருந்து தீனி பெற்ற எலிகளுக்கு ஈடாக ஓடின. வழி முன்பே தெரிந்திருக்கிறது. ஓடுவதற்குக் காரணம்தான் இல்லாமல் இருந்தது.