‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் ஏசி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் நல்ல ஏசி மெக்கானிக் எளிதில் கிடைக்க மாட்டார். அக்னி நட்சத்திர வெயிலில் வீடு வீடாக ஓடுபவருக்கு லீக் எங்கே என்று தேட நேரம் இருக்காது. கேஸை ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பவே பார்ப்பார். ஆள் தேடுவதையும் வருடாந்திர சர்வீஸையும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். ரிமோட் கூல் மோடில்தான் இருக்கிறதா, அவுட்டோர் யூனிட் முன்னால் ஏதாவது காற்றை அடைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் அழுக்கு அடைத்திருக்கும். டிஸ்ப்ளேயில் எரர் கோடு வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள்.

வாரன்டி இருந்தால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வெளியாள் திறந்தால் வாரன்டி போய்விடலாம். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பிசிபி எனும் எலெக்ட்ரானிக் போர்டு, கேஸ் சுற்றி வரும் குழாய் அடுக்கான காயில் ஆகியவற்றுக்குக் காலம் குறைவாக இருக்கலாம். கார்டைப் பிரித்துப் படியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை பில்லிலிருந்தோ வாரன்டி கார்டிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்களும் வரும். முன்பணம் அனுப்பச் சொன்னாலோ, போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள்.

வாரன்டி முடிந்த ஏசிக்கு, உங்கள் ஏரியாவில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்கே பொருத்தம். வேலை சரியில்லை என்றால் மறுநாள் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். ஐடிஐயில் குளிர்சாதனத் தொழிற்பிரிவு இரண்டு வருடப் படிப்பு. அதை முடித்தவரா என்று கேட்பதில் தவறில்லை. போனிலேயே இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள். ஒன்று, வந்து பார்க்க எவ்வளவு, வேலை செய்தால் அதைக் கழித்துக்கொள்வாரா. இரண்டு, நைட்ரஜன் சிலிண்டர், வேக்யூம் பம்ப், எடை மெஷின் மூன்றும் இருக்கிறதா. ‘அதெல்லாம் எதுக்கு சார், கேஜ் (அழுத்தமானி) பார்த்தே போட்டுடலாம்’ என்பவரைக் கேஸ் வேலைக்கு அழைக்காதீர்கள்.

கேஸ் வேலை

பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை ஏசி கேஸ். மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால், முன்பு ஃபிட் செய்தவர் சரியாகப் போடவில்லை, அல்லது எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ‘டாப்-அப்’ செய்தால் அடுத்த கோடையிலோ அதற்கு முன்போ அதே செலவு திரும்ப வரும்.

முதலில் பார்க்க வேண்டியது, பைப்புகள் இணையும் இடத்தில் இறுக்கியிருக்கும் ‘ஃப்ளேர் நட்’ எனும் திருகுகள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் லீக் அங்கேதான் என்று சந்தேகிக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரித்துவிடும். ஒரே இடத்தில் ஓட்டை என்றால் வெல்டிங் வைத்து அடைக்கலாம். பல இடத்தில் பொடிப் பொடியாக இருந்தால் காயிலையே மாற்றுவதுதான் லாபம்.

முறையான வேலை இப்படி நடக்கும். மிச்சக் கேஸை வெளியே எடுத்து, நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். லீக்கை அடைத்து மறுபடி சோதித்தபின் வேக்யூம் பம்ப் குறைந்தது 20 நிமிடம் ஓட வேண்டும். பம்பை நிறுத்தியதும் கேஜ் முள்ளை நீங்களும் கவனியுங்கள். 10 நிமிடம் அசையாமல் நின்றால்தான் அடுத்த கட்டம். முள் ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும்.

பம்ப் இல்லாமல் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவதை ‘பர்ஜிங்’ என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ்; அது தீப்பற்றக்கூடியது. உள்ளே காற்று கலந்தாலோ, கேஸ் இருக்கும்போதே பைப்பில் வெல்டிங் வைத்தாலோ விபத்தில் முடியலாம்.

எவ்வளவு கேஸ், என்ன கேஸ் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கும், கிலோ கணக்கில். சிலிண்டரை எடை மெஷின் மேல் வைத்து அதே அளவு ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். கேஜை மட்டும் நம்பினால் கூடவோ குறையவோ ஆகும். சிலிண்டர் லேபிளும் ஸ்டிக்கரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய ஆர்-22 கேஸ் ஏசியில் ஆர்-32 போடவே கூடாது; ஆர்-32-இன் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு.

மற்ற பழுதுகள்

இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் முனகிவிட்டு நிற்கிறது என்றால் முதல் சந்தேகம், கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டர் மேல். ‘கம்ப்ரசர் போயிடுச்சு’ என்பவரிடம் கெபாசிட்டரை மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே 45 மைக்ரோஃபாரட், 5 சதவீத ஏற்ற இறக்கம் என்று எழுதியிருந்தால், 42.75-க்குக் கீழே காட்டுவது கெட்டுப்போனது. இன்வெர்ட்டர் ஏசியில் பிசிபி மாற்றச் சொன்னால் எரர் கோடு என்ன, போர்டைப் பழுது பார்க்க முடியாதா என்று கேளுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவுட்டோர் யூனிட் மாடிச் சுவரில் தொங்கினால் இரண்டு பேர் வர வேண்டும், ஏறுபவர் பெல்ட் போட்டிருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுங்கள். பெல்ட் இல்லாமல் ஒருவரை ஏற விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் 15 நிமிடம் ஓடவிட்டு, ஏசி உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் சரி. அதன் பிறகு பணம் கொடுங்கள். லீக் எங்கே இருந்தது, எந்தக் கேஸ், எத்தனை கிராம், எத்தனை நாள் உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மறுபடியும் கூலிங் குறைந்து, பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரலாம். அதற்கும் அந்த பில்தான் ஆதாரம்.